வழிப்போக்கரின் அட்டை: விழுப்புரம், திண்டிவனம் சிறுவணிகமும் இரண்டு விழுக்காடும்

1. கேள்வி

விழுப்புரம் நேருஜி சாலையிலோ திண்டிவனம் நேரு வீதியிலோ செல்போன் கடையில் கடன் அட்டையை நீட்டினால், "ஜிபே இல்லையா?" என்ற கேள்விதான் முதலில் வரும். இல்லை என்றால் "கிரெடிட் கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேர்த்து வரும்" என்பார் கடைக்காரர். நகைக்கடையில் இதையே செய்கூலிப் பேச்சோடு பேச்சாகக் கலந்து சொல்வார்கள். வாங்க வந்தவருக்கு இது கடைக்காரரின் பேராசையாகத் தெரிகிறது. கடைக்காரருக்கு அது வங்கி பிடித்துக்கொள்ளும் காசு. இரண்டு பேரும் தத்தம் கணக்கில் சரியாகவே பேசுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு விழுக்காடு யாரிடம் போய்ச் சேருகிறது என்பது இருவருக்கும் தெரியாது.

சிறுவணிகர் இந்தச் செலவைக் குறைப்பது எப்படி என்று கேட்டால், வணிக இதழ்களும் ஆலோசகர்களும் சொல்லும் விடை பழகிப்போனது: வங்கியிடம் பேரம் பேசுங்கள், இரண்டு மூன்று நிறுவனங்களின் வீதத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். தவறான அறிவுரை அல்ல. ஆனால் நாளுக்கு இரண்டு மூன்று அட்டைகள் மட்டுமே தேயும் ஒரு திண்டிவனத்துக் கடைக்கு, பல மாநிலங்களில் கிளை பரப்பிய சங்கிலிக் கடைக்கு இருக்கும் பேரம் பேசும் வலிமை கிடையாது. கட்டணத்தின் பெரும்பங்கு கடைக்காரரின் வாய்ச்சாமர்த்தியத்துக்கு எட்டாத இடத்தில் முடிவாகிறது. 'சிறுவணிகர்' என்ற சொல்லை ஒழுங்குமுறை எப்படி வரையறுத்திருக்கிறது என்பதில்தான் அதன் முடிச்சு இருக்கிறது. அதை நிறுவ முயல்வதே இக்கட்டுரை.

2. நூறு ரூபாய் கரையும் விதம்

நாணயங்கள் பலவகையாகப் புழங்கிய காலத்தில் ஒரு காசை இன்னொரு காசாக மாற்றித்தரச் சராப்புகள் பிடித்த கழிவுக்கு 'வட்டம்' என்று பெயர். இன்றைய அட்டைக் கட்டணமும் அடிப்படையில் வட்டம்தான். வாங்குபவரின் வங்கியில் இருக்கும் பணத்தை, அல்லது அந்த வங்கி அவருக்குத் தரும் கடனை, கடைக்காரரின் கணக்கில் ரூபாயாக மாற்றித்தரும் கூலி. வங்கி மொழியில் இது வணிகர் கழிவு வீதம், கடைத்தெருவில் எம்.டி.ஆர். அல்லது மெஷின் கமிஷன்.

இதில் மூன்று பேருக்குப் பங்கு. அட்டை கொடுத்த வங்கிக்குப் பெரும்பங்கு. விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புகளுக்கு ஒரு பங்கு. மெஷினைக் கொடுத்துப் பணத்தைக் கணக்கில் சேர்க்கும் வங்கி அல்லது நிறுவனத்துக்கு மிச்சம். கடைக்காரர் பேரம் பேசுவது இந்த மூன்றாமவரோடு மட்டுமே. அட்டை கொடுத்த வங்கியை அவர் கண்ணால் கண்டதில்லை. அந்தப் பங்கிலிருந்துதான் வாடிக்கையாளருக்குப் பரிசுப் புள்ளியும் கேஷ்பேக்கும் போகின்றன. சென்னை விமான நிலைய ஓய்வறையில் ஒருவர் இலவசமாகக் குடிக்கும் காபியில் விழுப்புரம் செல்போன் கடைக்காரரின் காசும் கலந்திருக்கிறது.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. 15,000 ரூபாய்க் கைப்பேசி ஒன்றில் கடைக்காரருக்கு நிற்கும் லாபம் 4 விழுக்காடு, அதாவது 600 ரூபாய் என்று கொள்வோம். கடன் அட்டைக்கு 2 விழுக்காடு என்றால் 300 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., 54 ரூபாய். ஆக 354. லாபத்தில் பாதிக்கும் மேல் மெஷினில் போய்விடுகிறது. இணக்க முறை எனப்படும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரர் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது என்பதால், இரண்டு விழுக்காடு அவருக்கு 2.36 ஆகிவிடுகிறது. முறையாக ஜி.எஸ்.டி. கட்டும் பெரிய கடை அந்த 54 ரூபாயைத் தன் வரியில் கழித்துக்கொள்கிறது. சிறியவருக்கு உதவ வந்த இணக்க முறை, இந்த ஓரிடத்தில் அவரையே கடிக்கிறது.

பலர் கவனிக்காத சலுகை ஒன்றும் உண்டு. ஒரே பரிவர்த்தனையில் 2,000 ரூபாய் வரையிலான அட்டைத் தொகையைச் சேர்ப்பித்துக் கொடுக்கும் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. பணமதிப்பு நீக்கத்தை ஒட்டி 2016 டிசம்பரில் சேவை வரிக்குக் கொடுத்த விலக்கு, பின்னர் ஜி.எஸ்.டி.க்கும் தொடர்ந்தது. 1,900 ரூபாய் பில்லுக்குக் கட்டணம் 38 ரூபாயோடு முடிகிறது. 2,100 ரூபாய் பில்லுக்கு 42 ரூபாயும், மேலே ஏழரை ரூபாய் வரியும். மருந்துக் கடைக்கும் மளிகைக்கும் இது பொருட்டான வேறுபாடு. மாதாந்திர அறிக்கையில் இந்த விலக்கு உண்மையில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

3. டெபிட்டுக்கு வரம்பு, கடனுக்கு மௌனம்

2012இல் ரிசர்வ் வங்கி டெபிட் அட்டைக்கு உச்சவரம்பு வகுத்தது: 2,000 ரூபாய் வரை 0.75 விழுக்காடு, அதற்கு மேல் 1 விழுக்காடு. பணமதிப்பு நீக்கம் வந்த 2016 நவம்பர் 8க்குப் பிறகு நாடே மெஷின் தேடி ஓடியபோது, 2017 ஜனவரி முதல் தற்காலிகமாக அது மேலும் குறைக்கப்பட்டது: 1,000 ரூபாய் வரை 0.25, 2,000 வரை 0.5.

அந்த ஜனவரியில் நடந்த ஒரு மோதல் இங்கே நினைக்கத்தக்கது. பெட்ரோல் பங்க் உரிமையாளர்களிடம் 1 விழுக்காடு பிடிக்கப்போவதாகச் சில வங்கிகள் அறிவித்தன. அட்டையே வாங்க மாட்டோம் என்று ஜனவரி 8 அன்று உரிமையாளர் சங்கங்கள் அறிவித்தன. லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன் நிலையாக நிற்கும் தொழிலில், விற்பனைத் தொகையின் விழுக்காட்டில் கட்டணம் பிடித்தால் தாங்காது என்பது அவர்கள் வாதம். ஒரே நாளில் மைய அரசு தலையிட்டது. கட்டணம் உரிமையாளர் தலையிலும் விழாது, வாடிக்கையாளர் தலையிலும் விழாது என்று முடிவாயிற்று. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே பங்க் நடத்துபவர்களுக்கும் அந்த வெற்றியில் பங்குண்டு. அதே சாலையோரத்தில் உணவகமும் பழக்கடையும் நடத்துபவர்களுக்கு அப்படியொரு நாடு தழுவிய சங்கமும் இல்லை, நிறுத்திவைத்தால் நாடு நின்றுபோகும் சரக்கும் இல்லை. மறுக்கும் வலிமை உள்ளவருக்கே கட்டணம் குறைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

2017 டிசம்பர் 6 அன்று ரிசர்வ் வங்கி புதிய அட்டவணை ஒன்றை வெளியிட்டது. 2018 ஜனவரி 1 முதல், முந்தைய நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர் 'சிறுவணிகர்'. அவருக்கு டெபிட் அட்டையில் உச்சவரம்பு 0.40 விழுக்காடு, ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மிகாமல். மற்றவர்களுக்கு 0.90 விழுக்காடு, 1,000 ரூபாய்க்கு மிகாமல். பிறகு 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் அட்டைக்கும் யு.பி.ஐ.க்கும் கட்டணமே கூடாது என்று மைய அரசு சட்டம் வழியாகவே ஆக்கியது.

இந்த வரலாறு முழுக்கக் கடன் அட்டைக்கு உச்சவரம்பு கிடையாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட, கட்டணங்கள் பற்றிய விவாத அறிக்கை கடன் அட்டைக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த வேண்டுமா என்று பொதுமக்களிடம் கேட்டது. கேள்வி கேள்வியாகவே நிற்கிறது.

20 லட்சம் என்ற வரையறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 20 லட்சம் என்றால் நாளுக்கு ஏறத்தாழ 5,480 ரூபாய். நாளுக்கு ஒரேயொரு 15,000 ரூபாய்க் கைப்பேசி விற்கும் கடையின் ஆண்டு விற்றுமுதல் 54 லட்சத்தைத் தாண்டும். இரண்டாள் நிற்க இடமில்லாத அந்தக் கடையும் ஒரு பல்பொருள் பேரங்காடியும் இந்த அட்டவணையில் ஒரே கட்டத்தில். உரக்கடை, சிமெண்ட் கடை, கைப்பேசிக் கடை போன்ற, விற்றுமுதல் பெருத்து லாபம் சிறுத்த தொழில்கள் எல்லாம் 'பெரிய' வணிகம் ஆகிவிடுகின்றன. வருமானத்தை அளக்காமல் புழக்கத்தை மட்டும் அளக்கும் வரையறை இது.

உரக்கடை என்றதும் ஓர் இடைக்குறிப்பு. மானிய உரம் விற்கும் கடைகளில் 2018 முதல் பாயின்ட் ஆஃப் சேல் மெஷின் இருக்கிறது. அது ஆதார் கைரேகையைப் பதிந்து மானியக் கணக்கை எழுத; காசு வாங்க அல்ல. மெஷின் உள்ள கடைகளை எண்ணி மின்னணுப் பணம் பரவிவிட்டதாகக் கொள்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

4. வழிப்போக்கர் சோதனை

நியாயமான கட்டணம் எவ்வளவு என்பதற்குப் பொருளியலில் ஒரு புகழ்பெற்ற அளவுகோல் உண்டு. பிரெஞ்சுப் பொருளியலாளர்கள் ழான்–ஷார்ல் ரோஷே, ழான் திரோல் இருவரும் முன்வைத்தது. ஊருக்கு இனித் திரும்பி வராத ஒரு வழிப்போக்கர் பையில் போதிய ரொக்கத்தோடு கல்லாவுக்கு முன் நிற்கிறார், அட்டையை நீட்டுகிறார். அவரைப் பகைத்துக்கொண்டாலும் நாளைய வியாபாரம் கெடாது. அந்த நிலையிலும் கடைக்காரர் மனமுவந்து அட்டையை வாங்கிக்கொள்வார் என்றால் கட்டணம் நியாயமானது. ரொக்கத்தை எண்ணி, காத்து, வங்கியில் கட்டும் செலவைவிட அட்டைக் கட்டணம் மிகக் கூடாது என்பதே இதன் சாரம். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் அட்டை வங்கிகளின் பங்குக்கு டெபிட்டில் 0.2, கடன் அட்டையில் 0.3 விழுக்காடு என்று உச்சவரம்பு விதித்ததற்குப் பின்னணியில் இருந்தது இந்தச் சிந்தனைதான்.

பொருளியல் பாடத்தின் கற்பனை மனிதரான இந்த வழிப்போக்கர் திண்டிவனத்தில் நாள்தோறும் நிஜமாகவே வந்திறங்குகிறார். சென்னையிலிருந்து வரும் பாதை இங்குதான் புதுச்சேரிக்கும் விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கும் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் கிளைக்கிறது. உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு அட்டையை நீட்டுபவர் திரும்ப வருவாரா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே இந்த ஊர்க் கடைக்காரர் கோட்பாட்டை வாசிக்காமலே நாளும் அந்தச் சோதனையை நடத்துகிறார்.

2016க்கு முன் அவர் ஒப்பிட்டது ரொக்கத்தோடு. ரொக்கத்துக்கும் செலவு உண்டு: சில்லறைக்குக் கமிஷன், வங்கியில் காத்திருப்பு, வரம்புக்கு மேல் கட்டினால் கட்டணம். இப்போது கல்லாவில் மூன்றாவதாக ஒரு வழி நிற்கிறது. ஸ்டாண்டில் ஒட்டிய க்யூ.ஆர்., பக்கத்தில் தொகையைக் கூவும் ஒலிப்பெட்டி. கட்டணம் சுழி. வழிப்போக்கரின் கைப்பேசியில் யு.பி.ஐ. இருக்கும்போது, கடன் அட்டைக்கு இரண்டு விழுக்காடு கொடுக்கக் கடைக்காரருக்கு ஒரு காரணமும் இல்லை. சோதனையில் அட்டை தோற்கிறது. "ஜிபே இல்லையா?" என்ற கேள்வி அந்தத் தோல்வியின் அறிவிப்பு.

ஆனால் மறுபக்கமும் எடை போட வேண்டும். கடன் அட்டை என்பது பணம் செலுத்தும் கருவி மட்டுமல்ல, கடன். கடைக்காரரே கடன் கொடுத்துப் பாக்கி நோட்டில் எழுதினால், பணம் வர மாதங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். அட்டையில் விற்றால் அந்த இடரை வங்கி ஏற்கிறது. மறுநாளே பணம் வந்துவிடுகிறது. வாராக் கடனோடு ஒப்பிட்டால் இரண்டு விழுக்காடு மலிவு என்று ஒருவர் வாதிடலாம்.

இந்த வாதம் சென்னையில் பொருந்தலாம். விழுப்புரம் மாவட்டத்தில் பாதிதான் பொருந்துகிறது என்பது என் கணிப்பு. இது நிலக்கடலையும் நெல்லும் கரும்பும் விளையும் மாவட்டம். டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்களின் பெயரே திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பது. இங்கே கடைக்காரர் கடன் கொடுக்க வேண்டியிருப்பது, அறுவடை முடிந்து விற்பனைக்கூடத்தில் மூட்டை போட்ட பிறகு பணம் தரும் உழவருக்கு. அவரிடம் கடன் அட்டை இல்லை. 1998இல் வந்த கிசான் கடன் அட்டை பெயரளவில்தான் இந்த வகை. கடன் அட்டை வைத்திருப்பவர் மாதச் சம்பளக்காரர். கடைக்காரர் அவருக்குப் பாக்கி வைத்திருக்கப்போவதில்லை, அவரும் ரொக்கம் இல்லாமல் வரவில்லை. பாக்கி நோட்டு அப்படியே இருக்கிறது, அதன் மேல் அட்டைக் கட்டணமும் ஏறுகிறது.

5. மெஷின் வாடகையும் மக்கள்தொகைக் கணக்கும்

வீதத்தைப் பற்றியே பேசுபவர்கள் வாடகையை மறக்கிறார்கள். மாதம் 400 ரூபாய் வாடகை, ஜி.எஸ்.டி.யோடு 472 என்று கொள்வோம். அந்த மெஷினில் மாதம் 20,000 ரூபாய்தான் தேய்கிறது என்றால் வாடகை மட்டுமே 2.36 விழுக்காடு. வீதத்தையும் சேர்த்தால் 4.72. இரண்டு லட்சம் தேயும் கடைக்கு அதே வாடகை கால் விழுக்காட்டுக்கும் குறைவு. சிறுநகரக் கடையை உண்மையில் அழுத்துவது இந்த நிலைச்செலவு. பேரம் பேசத் தெம்பிருந்தால் வீதத்தில் கால் விழுக்காடு குறைக்கக் கேட்பதைவிட, வாடகையை நீக்கக் கேட்பதே இப்படிப்பட்ட கடைக்குப் பயன் தரும்.

மெஷின் செலவைக் குறைக்க ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில் ஒரு நிதியைத் தொடங்கியது: பணம் செலுத்தும் உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதி. சிற்றூர்களில் மெஷினும் க்யூ.ஆரும் வைக்கும் நிறுவனங்களுக்கு மானியம். வடகிழக்கு மாநிலங்களுக்கும், மற்ற இடங்களில் மூன்றாம் அடுக்கு முதல் ஆறாம் அடுக்கு வரையிலான ஊர்களுக்கும் மட்டுமே முதலில் இது. அடுக்கு என்பது மக்கள்தொகைக் கணக்கு: மூன்றாம் அடுக்கு 20,000 முதல் 49,999 வரை, இரண்டாம் அடுக்கு 50,000 முதல் 99,999 வரை.

2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் நகரின் மக்கள்தொகை 96 ஆயிரத்துச் சொச்சம். திண்டிவனம் 72 ஆயிரத்துச் சொச்சம். இரண்டும் இரண்டாம் அடுக்கு, இரண்டும் வெளியே. 27 ஆயிரம் பேர் வாழும் செஞ்சி உள்ளே. பின்னர் தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதித் திட்டப் பயனாளிகள் முதலிரண்டு அடுக்குகளிலும் சேர்க்கப்பட்டார்கள். கடைவைத்த சிறுவணிகர் சேர்க்கப்படவில்லை. சென்னைக்குக் கிடைக்கும் போட்டி விலையும் இந்த ஊர்களுக்கு இல்லை, செஞ்சிக்குக் கிடைத்த மானியமும் இல்லை. நடுத்தர நகரம் என்பது கொள்கையின் கண்ணில் படாமல் போகும் ஓர் அளவு.

6. மறுப்புகளும் எச்சரிக்கைகளும்

கட்டணத்தைக் குறைக்கச் சொல்வது எளிது. யார் தருவது என்று வங்கிகளும் பணச்சேவை நிறுவனங்களும் கேட்கின்றன. கேள்வி நியாயமானது. சராசரி 800 ரூபாய் யு.பி.ஐ. வணிகப் பரிவர்த்தனை ஒன்றைக் கையாள எல்லாத் தரப்புக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 ரூபாய் செலவாகிறது என்று ரிசர்வ் வங்கியின் 2022 அறிக்கையே கணித்தது. அந்தச் செலவை அரசு ஊக்கத்தொகையாக ஓரளவு ஈடுசெய்கிறது. 2024–25க்கு ஒதுக்கியது 1,500 கோடி ரூபாய். அது போதாது, பெரிய வணிகர்களிடம் யு.பி.ஐ.க்கு 0.3 விழுக்காடு வாங்க அனுமதியுங்கள் என்று பணச்சேவை நிறுவனங்களின் அமைப்பான இந்தியப் பேமெண்ட்ஸ் கவுன்சில் 2025 மார்ச்சில் கோரியது. அப்படிக் கட்டணம் வரப்போகிறது என்ற செய்தியை ஜூன் மாதம் நிதியமைச்சகம் பொய் என்று மறுத்தது. சுழிக் கட்டணம் என்றென்றும் நீடிக்கும் என்று நம்பித் தொழில் நடத்துவது அறிவுடைமை ஆகாது.

உச்சவரம்பும் எப்போதும் சிறியவருக்கு உதவுவதில்லை. அமெரிக்காவில் 2011இல் டர்பின் திருத்தம் டெபிட் அட்டை வங்கிப் பங்குக்கு 21 சென்ட்டும் 0.05 விழுக்காடும் என்று வரம்பிட்டது. முன்பு சிறு தொகைகளுக்குத் தனிச் சலுகை கொடுத்துவந்த வலையமைப்புகள் அதை நிறுத்தி, வரம்பையே விலையாக்கின. பெரிய கடைகள் லாபம் கண்டன. காபிக் கடைகளின் செலவு கூடியது. 2003இல் கடன் அட்டைப் பங்கைக் குறைத்த ஆஸ்திரேலியாவில் வங்கிகள் பரிசுப் புள்ளியைக் குறைத்து ஆண்டுக் கட்டணத்தை ஏற்றின. என் பார்வையில் பின்னது நட்டமல்ல: அட்டையின் செலவு அட்டை வைத்திருப்பவரிடமே திரும்பியது. ரொக்கம் கொடுத்து வாங்கும் ஏழையின் விலையில் அது ஏறாமல் நின்றது.

இங்கே பலகை வைத்து இரண்டு விழுக்காடு கூடுதல் கேட்கும் கடைக்காரர் செய்வதும் ஏறத்தாழ இதைத்தான். டெபிட் அட்டைக்குக் கூடுதல் கேட்பதை அனுமதிக்கக் கூடாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. கடன் அட்டையில் மெஷின் ஒப்பந்தம் குறுக்கே நிற்கும். ஆனால் டெபிட், கடன் வேறுபாடு பாராமல் எல்லா அட்டைக்கும் இரண்டு விழுக்காடு கேட்பவரை என்னால் ஆதரிக்க இயலாது. ரூபே டெபிட்டுக்கு அவர் ஒரு காசும் கொடுப்பதில்லை.

7. கேட்க வேண்டியவை

2022 செப்டம்பரில் ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ.யோடு இணைக்கும் வசதி தொடங்கியது. சிறுவணிகரிடம் 2,000 ரூபாய் வரை இதற்குக் கட்டணம் இல்லை. மெஷினும் வாடகையும் வேண்டாம். மளிகைக்கும் மருந்துக் கடைக்கும் உணவகத்துக்கும் கடன் அட்டையை வாங்க இன்றிருக்கும் வழிகளில் இதுவே மலிவானது. க்யூ.ஆர். செயலியில் கடன் அட்டையை முழுவதுமாக நிறுத்திவைத்திருப்பவர்கள், 2,000க்குக் கீழே அதைத் திறந்துவிட்டால் நட்டம் இல்லை. நகைக்கும் கைப்பேசிக்கும் இது உதவாது.

'சிறுவணிகர்' வீதம் பெற விற்றுமுதலை வங்கியிடம் சொல்ல வேண்டும். சொல்லத் தயக்கம் இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யு.பி.ஐ. வரவுகளை வைத்துச் சிறுகடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூரில் பல கடைகள் க்யூ.ஆரைக் கழற்றியதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். கட்டணம் குறைய வேண்டுமானால் கணக்கு வெளியே வர வேண்டும். கணக்கு வெளியே வந்தால் வரி வரும். இந்த அச்சத்தைப் பேசாமல் விட்டுவிட்டுக் கட்டணக் குறைப்பைப் பற்றி மட்டும் பேசும் பரப்புரைகள் கடைத்தெருவில் எடுபடாததில் வியப்பில்லை.

ஆகவே வரையறையே மாற வேண்டும். ஜி.எஸ்.டி. இணக்க முறைக்கு வணிகரின் ஆண்டு விற்றுமுதல் வரம்பு ஒன்றரைக் கோடி. வரித் துறைக்குச் சிறியவராகத் தெரியும் அதே மனிதர், அட்டை அட்டவணையில் 20 லட்சத்திலேயே பெரியவராகிவிடுகிறார். 2017 அட்டவணையின் 'சிறுவணிகர்' வரம்பை இணக்க முறையின் வரம்போடு பொருத்துவதும், அதே கட்டத்தில் கடன் அட்டைக்கும் ஓர் உச்சவரம்பைச் சேர்ப்பதும், மெஷினுக்கான மானியத்தில் இரண்டாம் அடுக்கு நகரங்களின் சிறுகடைகளைச் சேர்ப்பதும் ரிசர்வ் வங்கியிடம் கேட்க வேண்டியவை. வங்கியிடம் கேட்க வேண்டியது அதைவிட எளிது: டெபிட், ரூபே டெபிட், கடன் அட்டை என்று வகைபிரித்து, ஒவ்வொன்றிலும் பிடித்த தொகையும் வரியும் வாடகையும் தனித்தனியே காட்டும் மாதாந்திரத் தாள்.

விழுப்புரம், திண்டிவனம் வணிகர் சங்கங்கள் தம் உறுப்பினர்களின் பத்துக் கடைகளிலிருந்து ஒரு மாதத்துக்கான இந்தத் தாளை வாங்கி, அருகருகே வைத்துப் பார்க்கட்டும். பேரத்தை அந்தப் பத்துத் தாள்களிலிருந்து தொடங்கலாம்.